புத்தகசாலைச் சுவர் தின்ற வெல்லம்

எனக்கு வயது அறுபத்தைந்து தாண்டிவிட்டது. பெற்றது ஐந்து, வளர்த்தது எட்டு. அக்காள் விட்டுப்போன மூன்றும் என் அடுப்புக் களியில்தான் ஆளாயின. எழுத்துக் கூட்டி வாசிப்பேன். என் பெயரைப் போடுவேன். அதற்கு மேல் எழுதினால் விரல் மரத்துப்போகும். ஆகவே நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். ஹைஸ்கூல் படிக்கிற பெண். என் பேச்சைப் புத்தகத் தமிழாக்கிக்கொள்ளட்டும், பரவாயில்லை. சொன்ன விஷயத்தில் கை வைக்கக் கூடாது என்று கண்டித்துச் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் உங்கள் பத்திரிகையில் எங்கள் டவுன் புத்தகசாலையைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். பேத்திதான் வாசித்துக் காட்டினாள். கருங்கல் அஸ்திவாரம், சென்னைப் பட்டணத்துப் பெரிய புத்தகசாலையைப் பார்த்துப் போட்ட பிளான், ஆள் உயரத்துக்கு மேலே வளைவு ஜன்னல்கள், நடுக் கூடத்தின் தலையில் கண்ணாடி வைத்த வட்டக் கூண்டு, முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் போன்ற சுவர்கள். எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தார். நானும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன். கடைசியில் ஒரு வேடிக்கை என்று ஆரம்பித்தார். சுண்ணாம்பில் சேர்க்க வைத்திருந்த வெல்லத்தைக் கூலிப் பெண்கள் திருடித் தின்றார்களாம். கெட்டிக்காரக் கன்ட்ராக்டர் வெல்லத்தில் ஒரு பொடியைத் தூவினாராம். அன்றோடு திருட்டு ஒழிந்ததாம்.

வாசித்த பேத்தி சிரித்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன், சிரிக்கிற மாதிரிதான் எழுதியிருந்தது. எனக்கு மட்டும் உடம்பு பற்றி எரிந்தது. அந்தக் கூலிப் பெண்களில் நானும் ஒருத்தி. அந்தப் பொடி எந்த வாய்க்குள் போயிற்று என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் நான் கண்ணை மூடக் கூடாது.

ஜெர்மன் சண்டை முடிந்து, விஷக் காய்ச்சல் ஊரைப் பாதியாக்கிவிட்டுப் போன மறு வருஷம் அது. ஆம்பூர்ப் பக்கம் எங்கள் டவுன். சண்டைக் காலத்தில் பட்டாளத்து பூட்ஸுக்கும் பைக்கும் தோல் கப்பல் கப்பலாகப் போனதில் மண்டிக்காரர்கள் கையில் நல்ல பசை. அதில் சிலர் சேர்ந்து, ஊருக்கு ஒரு புத்தகசாலை கட்டுவது என்று முடிவு செய்தார்கள். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டு ஆண்கள் தோல் பதனிடுகிற ஷாப்பில் குழி வேலை செய்தார்கள். பெண்கள் நாங்கள் கட்டிட வேலைக்குப் போனோம். கேழ்வரகு விலை ஏறிக்கிடந்தது. காலையில் வீட்டில் ஒரு வாய் கூழ் இருந்தால் அது ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும். நாங்கள் வெறும் வயிற்றில் முந்தானையை இறுக்கிக்கொண்டு போவோம்.

இப்போது சிமெண்டு வந்துவிட்டது. அந்தக் காலத்துக் கட்டிடம் எப்படி எழும்பியது என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. சுண்ணாம்பையும் மணலையும் செக்கில் அரைப்போம். கடுக்காயை உடைத்து ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்துச் சுண்ணாம்புக்கு விடுவோம். கடுக்காய் எங்களுக்குப் பழகின சாமான். தோல் ஷாப்பில் தோலுக்கும் அதுதான். ஷாப்பில் புருஷன் கை கறுக்கும், இங்கே பெண்சாதி கை கறுக்கும். மேல்பூச்சுக்குச் சங்குச் சுண்ணாம்பு, தயிர், முட்டையின் வெள்ளைக் கரு. பூசின பிறகு கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றுவார்கள். கூடை கூடையாக முட்டை வந்து இறங்கும். எங்கள் பிள்ளைகள் முட்டையைக் கண்ணால் பார்த்ததே அந்தக் கட்டிடத்தில்தான்.

மாடித் தளம்தான் பெரிய வேலை. தேக்கு விட்டத்தின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாகக் குந்திக்கொண்டு மரக்கட்டையால் அடிக்க வேண்டும். கடுக்காய் வெல்லத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே அடிக்க வேண்டும். கட்டை அடிக்கிற சத்தம் கடைத்தெரு வரைக்கும் கேட்கும். ஆரம்பித்தால் நடுவில் விடக் கூடாது. ஈரம் ஒரு பக்கம் காய்ந்து ஒரு பக்கம் நின்றால் தளம் வெடித்துவிடும், முதல் மழைக்கே ஒழுகும். இது கொத்தனார் முதல் கூடை தூக்குகிறவள் வரைக்கும் தெரிந்த விஷயம். அடிக்கிற வரிசைக்குத் தலைப்பு நான். என் கட்டை விழுந்த பிறகுதான் மற்றவர்கள் கட்டை விழும்.

என் தம்பி பெண்சாதியும் அங்கே வேலைக்கு வந்தாள். என்னை அண்ணி என்று கூப்பிடுவாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம், தலைச்சன். மேலே ஏறிக் கட்டை அடிக்க முடியாதென்று கீழே வெல்லம் உடைக்க உட்கார்த்தியிருந்தோம். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டிட வேலையில் வெல்லம் உடைக்கிறவளுக்கு உடைக்கிற கல்லில் ஒட்டினது சொந்தம். சுரண்டி வாயில் போட்டுக்கொள்வாள். இது என் பாட்டி காலத்து வழக்கம். கோயில் வேலையிலும் உண்டு, மசூதி வேலையிலும் உண்டு. எந்தக் கொத்தனாரும் இதைத் திருட்டு என்று சொன்னதில்லை.

கன்ட்ராக்டர் வெளியூர்க்காரர். வெள்ளைக் கோட்டும் கைக்கடியாரமுமாக வருவார். கல்லில் ஒட்டினதை ஒருத்தி சுரண்டுவதை ஒரு நாள் பார்த்துவிட்டார்.

"கட்டிடத்துக்கு வந்தீங்களா, விருந்துக்கு வந்தீங்களாடி?" என்றார்.

"விருந்துன்னா இலை போட்டிருப்பீங்களே மொதலாளி" என்று எவளோ சொன்னாள். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

கட்டிடத்தின் பின்கட்டு அறை முன்னாலேயே முடிந்திருந்தது. அதில் ஒரு வயதான பாய் உட்கார்ந்து, தானமாக வந்த பழைய புத்தகங்களுக்குத் தோல் அட்டை போட்டுக்கொண்டிருந்தார். நம் ஊர் ஆட்டுத் தோல்தான். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார். நீலமாக, பார்க்க அழகாக இருக்கும், ஆனால் விஷம். பசை கிண்டுகிற அன்று வாசலில் வந்து நின்று, "அம்மா, பிள்ளைங்கள இந்தப் பக்கம் விடாதீங்க, பசையில துத்தம் இருக்குது" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லுவார். ஒரு தடவை கூட மறந்ததில்லை.

தளம் அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள், உச்சி வெயிலுக்கு முன்னால், கீழேயிருந்து கூச்சல் கேட்டது. நான் கட்டையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்து வரிசையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கி ஓடினேன். தம்பி பெண்சாதி வெல்லக் கல்லின் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். வாந்தி எடுத்திருந்தாள். நீலமும் பச்சையுமாக இருந்தது அந்த வாந்தி. அப்படி ஒரு வாந்தியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

சத்தம் கேட்டுப் பாய் வந்தார். பசைக் கையோடு குனிந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"யா அல்லா, துத்தம். பேட்டி, எம் மகளே, எம் பசையைத் தொட்டியா நீ?"

"இல்ல பாய். கல்லுல ஒட்டின வெல்லந்தான். கசந்துது. கடுக்கா ஒடச்ச கை, அந்தக் கசப்புன்னு நெனச்சேன்" என்றாள். சொல்லும்போதே மறுபடி வாந்தி.

அதுதான் நடந்தது. எங்கள் கையில் எப்போதும் கடுக்காய்க் கறை. களியைத் தின்றாலும் கசக்கும், தண்ணீர் குடித்தாலும் துவர்க்கும். கறுத்த வெல்லத்தில் நீலமும் தெரியவில்லை. கசக்கிறதே என்று அவள் துப்பவில்லை. வேறு வேலை செய்கிறவளாக இருந்தால் முதல் விள்ளலிலேயே துப்பியிருப்பாள்.

"வெள்ளைக் கரு குடுங்க. முட்டை, முட்டை, ஜல்தி! உள்ள போனத அது புடிச்சி வெளிய தள்ளும்" என்று பாய் கத்தினார்.

முட்டைக் கூடைகள் நடுக் கூடத்தில் இருந்தன. காவல்காரன் குறுக்கே நின்றான்.

"அக்கா, கன்ட்ராக்டர் உத்தரவு இல்லாம தொடக் கூடாது. சுவத்துக்கு வச்சது."

"சுவத்துக்கு இப்ப இன்னாடா பசி? தள்ளு!"

அவனைத் தள்ளினேன் என்றுதான் நினைக்கிறேன். அவனாக விலகினானோ என்னவோ. மடி கொள்ள முட்டையை அள்ளி வந்தேன். பாய் உடைத்து உடைத்து வெள்ளைக் கருவைத் தகரக் குவளையில் விட, நான் அவள் தலையைத் தாங்கி வாயில் ஊற்றினேன். குடித்தாள், வாந்தி எடுத்தாள், மறுபடி குடித்தாள். சுவருக்கு வைத்திருந்த தயிரையும் கரைத்து ஊற்றினோம். வாந்தியில் நீலம் குறைந்துகொண்டே வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கன்ட்ராக்டர் வந்தார். கீழே ஒரு பிள்ளைத்தாச்சி கிடக்கிறாள். அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு என்ன தெரியுமா?

"முட்டையை யார் தொட்டது?"

பிறகு விஷயத்தைக் கேட்டார். கேட்டும் அசரவில்லை. "எறும்புக்காகப் போட்டு வச்சேன். திருடித் தின்னா நானா பொறுப்பு?" என்றார்.

திருடி என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் தலையைத் தூக்கினாள். என் கையைப் பிடித்த பிடி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

புத்தகசாலைக் கமிட்டிப் பெரியவர் தினமும் அந்த நேரத்துக்குத் தளம் பார்க்க வருவார். அன்றும் அவருடைய பெட்டி வண்டி வந்து நின்றது. அவர் மண்டிக்காரர், வயதானவர். இறங்கிப் பார்த்தார். தன் வண்டியிலேயே அவளை ஏற்றி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். வண்டி மெத்தை கெட்டுப்போகுமே என்று யோசிக்கவில்லை. அதற்கு மட்டும் அந்த மனிதரை இன்றைக்கும் வாழ்த்துவேன்.

கூட ஏறப் போனேன். அவள் என்னை விடவில்லை.

"நீ வராத அண்ணி. நான் திருடலைன்னு சொல்லிட்டு வா. எல்லார் எதுர்லயும் சொல்லிட்டு வா."

வேறு ஒருத்தியை ஏற்றி அனுப்பினேன். வண்டி போயிற்று. நான் நின்றுவிட்டேன்.

கன்ட்ராக்டர் பெரியவரிடம் எறும்புக் கதையைச் சொன்னார். பாய் முன்னால் வந்தார்.

"ஸாப், நேத்து எங்கிட்டதான் துத்தம் வாங்கிட்டுப் போனாரு. எதுக்குன்னு கேட்டேன். எறும்புக்குன்னாரு. வெல்லத்துலன்னு சொல்லலை. சொல்லியிருந்தா குடுத்திருக்க மாட்டேன்."

"நீ பைண்டிங் வேலையைப் பாரு, சாயபு" என்றார் கன்ட்ராக்டர்.

"எறும்புக்குப் போட்டவரு எங்களாண்ட ஒரு வார்த்தை ஏன் சொல்லலை?" என்று நான் கேட்டேன். "பசை கிண்டற பாய் வாசல்ல நின்னு கத்துறாரு. நீங்க ஏன் வாயத் தொறக்கல?"

"வெல்லத்தைத் தொடாதவளுக்கு இன்னா பயம்?"

"கையால ஒடைக்கச் சொன்னது நீங்கதானே? தொடாம எப்படி ஒடைப்பா? சரி, எறும்புக்குத்தான் போட்டீங்க. நீங்க எறும்பு இல்லியே. ஒரு விள்ளல் எடுத்து வாயில போட்டுக் காட்டுங்க, பாப்போம்."

வெல்லம் வைத்திருந்த மிடாப் பானையைக் காலால் அவர் பக்கம் நகர்த்தினேன். வெல்லம் கசிந்து கறுப்பாக மின்னியது. அவர் பார்த்தார். பெரியவர் அவரைப் பார்த்தார். அவர் கை கோட்டுப் பையை விட்டு வெளியே வரவில்லை.

அப்போதுதான் மேலே கட்டைச் சத்தம் நின்றது. நான் நிறுத்தச் சொல்லவில்லை. மேலேயிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒருத்தி பின் ஒருத்தியாகக் கட்டையை வைத்துவிட்டு இறங்கி வந்தார்கள். நாள் முழுக்கக் கேட்டுப் பழகின சத்தம் இல்லாமல் போனதும் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. கடைத்தெருவிலிருந்து ஆட்கள் என்ன ஆச்சென்று வந்து வாசலில் கூடிவிட்டார்கள்.

பெரியவர் மாடியை நிமிர்ந்து பார்த்தார். "தளம் காஞ்சிடும்மா. ஈரம் போறதுக்குள்ள ஏறுங்க. மத்ததை அப்புறமா பேசிக்கலாம்" என்றார்.

வண்டி கொடுத்த அதே மனிதர்தான். அவருக்கும் கடைசியில் தளம்தான் பெரிதாகப் போயிற்று. எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் அதுவும் நின்றுவிட்டது.

"மத்ததுன்னு இங்க ஒண்ணும் இல்லீங்க. அதுதான் மொதல். கல்லுல ஒட்டினது ஒடைக்கிறவளுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? உங்க மண்டி கட்டும்போதும் நாங்கதானே வெல்லம் ஒடைச்சோம்? எங்க வீட்டுப் பொண்ணு திருடியா இல்லியா, இத்தினி பேரு எதுர்ல நீங்களே சொல்லுங்க. சொன்னா ஏறுறோம். இல்ல, வெடிக்கட்டும் தளம்."

"இன்னாம்மா இப்படிப் பேசறே" என்றார் பெரியவர்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கொத்தனார்கள் மாடியைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். அந்தத் தளம் எங்கள் கையால் அடித்தது. அது வீணாகப் போவதைப் பார்க்க எனக்கு மட்டும் ஆசையா?

கடைசியில் பெரியவர் வாசல் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "அந்தப் பொண்ணு திருடலை. அது வழக்கந்தான். எனக்குத் தெரியும்." பிறகு ஆளை விட்டு அந்த மிடாவைப் புதைக்கச் சொன்னார். கடையிலிருந்து புது வெல்லம் வந்தது. கரைப்பதற்கு முன்னால் ஒவ்வொருத்தி கையிலும் ஒரு கட்டி வைக்கச் சொன்னார். வாங்கினோம். நான் தின்னவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டேன்.

ஏறினோம். தண்ணீர் தெளித்து, காய்ந்த ஓரத்தை மறுபடி நனைத்து, அடித்தோம். அன்று விழுந்த அடி கட்டையின் அடி அல்ல. யார் முதுகை நினைத்துக்கொண்டு அடித்தோம் என்று சொல்ல வேண்டியதில்லை. நடுவில் ஒருத்தி பாட்டு இட்டுக்கட்டினாள்: "வெல்லம் தின்னது சுவரு, விஷத்தத் தின்னது எவரு?" வரிசை முழுக்க அதைத் திருப்பிப் பாடியது. கன்ட்ராக்டர் கீழே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

வேலை விட்டதும் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். வாசலில் என் தம்பி தோல் ஷாப் அழுக்கோடு குந்திக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அவள் பிழைத்துவிட்டாள். முட்டை கொடுத்ததுதான் காப்பாற்றியது என்று நர்ஸம்மா சொன்னாள். வயிற்றுப் பிள்ளை தங்கவில்லை. பெண் பிள்ளை. துணியில் சுற்றி வைத்திருந்தார்கள்.

உள்ளே போனேன். பிள்ளையைப் பற்றித்தான் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"சொன்னியா அண்ணி?"

"சொல்ல வச்சேன்."

அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பாயை அடுத்த வாரமே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அவர் பேரணாம்பட்டில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். கன்ட்ராக்டர் கட்டிடத்தை முடித்துக் கொடுத்தார். திறப்பு விழாவில் பெரிய பெரிய உத்தியோகஸ்தர்கள் வந்தார்கள், அவருக்கும் மாலை போட்டார்கள். நாங்கள் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தோம். ஒருவராவது உள்ளே கூப்பிட்டு இந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்கள் என்று சொல்லவில்லை. நாங்கள் தொடாத சுவரா அது! போகட்டும். அந்தத் தளம் இதுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. பத்திரிகையில் எழுதினவர் அதையும் கட்டுமான நேர்த்தி என்று பாராட்டியிருக்கிறார். நேர்த்தி யாருடையது என்று அவர் விசாரிக்கவில்லை.

அவர் கட்டிடத்தை அளந்து பார்த்திருக்கிறார், வளைவை எண்ணியிருக்கிறார். கன்ட்ராக்டர் வீட்டில் வேடிக்கைக் கதை கேட்டிருக்கிறார். பக்கத்துத் தெருவில் நாங்கள் உயிரோடு இருக்கிறோம். எங்கள் வாசலுக்கு வந்து, "அம்மா, இது நடந்ததா?" என்று கேட்க அவருக்குக் கால் வரவில்லை. என் தம்பி பெண்சாதியும் இருக்கிறாள். அதற்கப்புறம் அவளுக்குப் பிள்ளை நிற்கவே இல்லை. அந்தக் கட்டுரையை அவளுக்கு வாசித்துக் காட்டக் கூடாது என்று பேத்தியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். இதைத்தான் வாசித்துக் காட்டப் போகிறோம்.

எனக்குப் புத்தகத்தின் மேல் கோபம் இல்லை. என் பேத்தி அந்தக் கூடத்தில் உட்கார்ந்து படிக்கிறாள், எனக்கு அது பெருமைதான். ஆனால் வெறும் வயிற்றோடு வேலை செய்கிறவள் மேல் திருடி என்ற சொல்லை ஏற்ற ஒரு நொடி போதும் என்பதையும், அதை இறக்க ஒரு தளத்தையே நிறுத்த வேண்டியிருந்தது என்பதையும் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதனால்தான் இந்த வயதிலும் யாராவது அந்தச் சொல்லை எடுத்தால், யார் மேல் எடுத்தாலும், நின்று எதிர்த்துக் கேட்காமல் என்னால் நகர முடிவதில்லை.

எழுதிட்டியா கண்ணு? எங்கே, மொதல்லேர்ந்து ஒரு தரம் வாசி. "அந்தப் பொண்ணு திருடலை"ன்னு பெரியவரு சொன்னாரே, அந்த எடம் வந்தா மட்டும் சத்தமா வாசி.